சாம்பல் கல் உண்மையிலேயே 'பசுமை'யா? கட்டுமானப் பொருளின் ஆயுள் கணக்கை மேட்டூரில் படிக்கலாம்

மேட்டூர் அணையில் தண்ணீர் நன்றாகச் சரியும்போதெல்லாம் ஒரு படம் செய்திகளில் வரும். பண்ணவாடி பக்கம் ஜலகண்டேஸ்வரர் கோயில் நந்தி சிலையும், பழைய கிறிஸ்தவ ஆலயத்தின் இரட்டைக் கோபுரமும் நீருக்கு மேலே தலை நீட்டும். 1934ல் அணை திறக்கப்பட்டபோது மூழ்கிய ஊர்களின் மிச்சம் அது. 90 ஆண்டுகளாக நனைந்தும் காய்ந்தும் கிடக்கிற கட்டுமானம் இன்னும் முழுசாகக் கரையவில்லை.

அந்தக் கோபுரம் தெரிகிற அதே மேட்டூரில், அனல் மின் நிலையத்தின் புகைபோக்கிகளும் தெரியும். அங்கிருந்து கிளம்பும் சாம்பல் லாரிகள் சிமென்ட் ஆலைகளுக்கும் செங்கல் களங்களுக்கும் போகின்றன. சேலம், நாமக்கல் பக்கம் இன்று எழும்பும் வீடுகளில் நிறைய சுவர்கள் சாம்பல் நிறத்தில்தான் இருக்கின்றன. "ஃபிளை ஆஷ் கல்லு போட்டுக்கலாம் சார், சைஸ் ஒரே மாதிரி இருக்கும், பூச்சுக் கலவை மிச்சம் ஆகுமுங்க" என்பார் மேஸ்திரி. கடைக்காரர் இன்னொரு வார்த்தையும் சேர்ப்பார்: "இது பசுமைக் கல்லுங்க, மண்ணைத் தோண்டாதது."

மண்ணைத் தோண்டாதது என்பது சரி. பசுமை என்பது சரியா? அதைச் சொல்ல கல்லை மட்டும் பார்த்தால் போதாது. அது எங்கே பிறந்தது, எப்படி வந்து சேர்ந்தது, சுவரில் இருக்கும் காலத்தில் என்ன செய்யும், இடித்த பிறகு எங்கே போகும் என்று எல்லாவற்றையும் பார்க்க வேண்டும். இதைத்தான் 'வாழ்க்கைச் சுழற்சி மதிப்பீடு' என்கிறார்கள். வீட்டுக் கடன் வாங்கிக் கட்டும் இளம் தலைமுறைக்கும், அரசுப் பணத்தில் கட்டும் துறைகளுக்கும் இப்போது அவசியமாகத் தேவைப்படும் கணக்கு இது.

ஒரு பொருளுக்கு எத்தனை வயசு?

வாழ்க்கைச் சுழற்சி மதிப்பீட்டுக்கு உலக அளவில் வரையறை இருக்கிறது. ஐ.எஸ்.ஓ. 14040, 14044 என்ற இரண்டு தரநிலைகள் 2006 முதல் இப்போதைய வடிவில் நடைமுறையில் உள்ளன. சட்ட மொழியை விட்டுவிட்டுச் சொன்னால், அது கேட்பது ஐந்து கட்டங்களை.

முதலாவது பிறப்பு: சுரங்கம், சூளை, ஆலை. இரண்டாவது பயணம்: ரயில், கப்பல், லாரி, கட்டுமான இடம். மூன்றாவது வாழ்வு: கட்டடம் நிற்கும் 50, 60 ஆண்டுகளில் ஆகும் மின்சாரம், பராமரிப்பு, மாற்று வேலைகள். நான்காவது முடிவு: இடிப்பது, அள்ளுவது, கொட்டுவது. ஐந்தாவது மறுபிறவி: அதே பொருள் திரும்பவும் பயன்படுமா என்பது.

ஒவ்வொரு கட்டத்திலும் எவ்வளவு ஆற்றல், எவ்வளவு தண்ணீர், எவ்வளவு கார்பன் டை ஆக்சைடு, எவ்வளவு கழிவு என்று கூட்டிக்கொண்டே வருவார்கள். பொருளோடு சேர்ந்து நம் வீட்டுக்குள் வந்துவிடும் கரிக்கணக்குக்கு 'உள்பொதிந்த கார்பன்' என்று பெயர். ஏசியின் கார்பன் மாதா மாதம் வரும், குறைத்தால் குறையும். உள்பொதிந்த கார்பனோ கிரகப்பிரவேசத்துக்கு முன்பே வானத்துக்குப் போய்விட்டது. அதைத் திரும்ப எடுக்க வழி இல்லை. அதனால்தான் கட்டும் முன்பு கணக்குப் பார்க்க வேண்டும் என்கிறார்கள்.

மேட்டூர் ஏன் நல்ல பாடப்புத்தகம்?

ஒரு வீட்டின் மூலப்பொருள்கள் இவ்வளவு அருகருகே பிறக்கும் ஊர் தமிழ்நாட்டில் வேறு எங்கும் சுலபமாகக் கிடைக்காது. மேட்டூரிலிருந்து மேச்சேரி சாலையில் போனால் பொட்டனேரியில் இரும்பு உருக்காலை. அங்கே ஊது உலையில் மிஞ்சும் கசடு, அரைத்தால் சிமென்ட்டில் சேரும். தெற்கே சங்ககிரியில் 1960களிலிருந்து சுண்ணாம்புக்கல்லைச் சுட்டு சிமென்ட் ஆக்கும் ஆலை. சேலத்தை ஒட்டிய சுண்ணாம்புக் கரட்டில் மேக்னசைட். உருக்கு உலைக்கும் சிமென்ட் சூளைக்கும் உள்ளே பதிக்கிற தீக்கல் அதிலிருந்துதான் வருகிறது.

மேட்டூர் டவுனிலேயே 1960களில் அலுமினிய ஆலை வந்தது. மெட்ராஸ் அலுமினியம் கம்பெனி, ஊர்க்காரர்களுக்கு 'மால்கோ'. ஏற்காட்டிலும் கொல்லிமலையிலும் வெட்டிய பாக்சைட் இங்கே அலுமினியம் ஆனது. 2008ல் உருக்குப் பிரிவு நின்றது. ஒரு டன் அலுமினியத்துக்கு ஏறக்குறைய இரண்டு டன் அலுமினா வேண்டும். ஒவ்வொரு டன் அலுமினாவுக்கும் ஒரு டன்னோ அதற்கு மேலோ சிவப்புச் சேறு மிஞ்சும். காரத்தன்மை கொண்ட அந்தச் சேற்றை என்ன செய்வது என்று உலகம் முழுக்கவே இன்னும் முழுமையான பதில் இல்லை. மேட்டூரின் சிவப்புச் சேற்றைச் செங்கல்லிலும் கான்கிரீட்டிலும் கலந்து பார்த்த பொறியியல் ஆய்வுகள் பல உண்டு. சுரங்கம் மூடினாலும், ஆலை நின்றாலும், பொருளின் ஒரு முனை ஊரிலேயே தங்கிவிடுகிறது என்பதற்கு இது உதாரணம்.

ஜன்னலுக்கு அலுமினிய ஃபிரேம் வாங்கும்போது இந்த மலையும் சேறும் யார் நினைவுக்கும் வருவதில்லை. பழைய அலுமினியத்தை உருக்கித் திரும்பச் செய்தால், புதிதாகச் செய்யத் தேவைப்படும் ஆற்றலில் சுமார் 5 சதவீதம் போதும். கடையில் இரண்டும் ஒரே பளபளப்பு. வித்தியாசம் பொருளின் பிறப்பில் இருக்கிறது, அதைக் கேட்டால்தான் தெரியும்.

சாம்பல் எங்கிருந்து வருகிறது?

மேட்டூர் அனல் மின் நிலையத்தில் தலா 210 மெகாவாட் திறனுள்ள நான்கு அலகுகள் 1987 முதல் 1990 வரை அடுத்தடுத்து வந்தன. 2013ல் 600 மெகாவாட் அலகு ஒன்று சேர்ந்தது. மொத்தம் 1,440 மெகாவாட். இதற்கான நிலக்கரியில் பெரும்பகுதி ஒடிசாவிலிருந்து ரயிலிலும் கப்பலிலும் மறுபடி ரயிலிலுமாக வருகிறது.

இந்திய நிலக்கரியில் சாம்பல் அதிகம். மூன்றில் ஒரு பங்கு, சில சமயம் அதற்கும் மேல். எரிக்கும்போது அதில் பெரும்பகுதி, ஏறக்குறைய 80 சதவீதம், புகையோடு மேலே பறக்கும் நுண்பொடி. அதை மின்புலத்தால் இழுத்துப் பிடிக்கும் கருவிகள் உலர்ந்த நிலையில் சேகரிக்கின்றன. இதுதான் ஃபிளை ஆஷ், உலர் சாம்பல். கொதிகலனின் அடியில் விழும் கரடுமுரடான மிச்சத்தைத் தண்ணீரில் கரைத்து, குழாய் வழியாகச் சாம்பல் ஏரிக்கு அனுப்புகிறார்கள். உலர் சாம்பலுக்கு சிமென்ட் ஆலைகளிடம் நல்ல கிராக்கி. ஏரிச் சாம்பலுக்கு அவ்வளவு இல்லை.

இதை ஒரு வீட்டு மின் கட்டணத்தோடு சேர்த்துப் பார்க்கலாம். இரண்டு மாதத்துக்கு 500 யூனிட் ஓடும் வீடு ஒன்று. அது முழுக்க நிலக்கரி மின்சாரம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு யூனிட்டுக்குச் சுமார் 700 கிராம் நிலக்கரி. 500 யூனிட்டுக்கு 350 கிலோ. அதில் சாம்பல் ஏறக்குறைய 120 கிலோ. ஒரு சாம்பல் கல் மூன்று கிலோ எடை, அதில் பாதிக்குச் சற்று மேல் சாம்பல் என்றால், அந்த வீட்டின் ஒரு மின் கட்டணத்திலிருந்து சுமார் 70 கல் கிடைக்கும்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அதே 500 யூனிட்டுக்கு 450 கிலோவுக்கு மேல் கார்பன் டை ஆக்சைடும் புகைபோக்கி வழியாகப் போயிருக்கிறது. அதை எந்தக் கல்லிலும் அடைக்க முடியாது.

சூளைக் கல்லா, சாம்பல் கல்லா?

முதலில் சாம்பல் கல்லின் நல்ல பக்கம். சூளைச் செங்கல்லுக்கு வயல் மண்ணோ ஓடை மண்ணோ வேண்டும். ஒரு அங்குல மேல்மண் உருவாக நூற்றாண்டுகள் ஆகும். அதைச் சுட்டுச் சுவராக்கினால் திரும்ப நிலமாகாது. கோவை தடாகம் பள்ளத்தாக்கில் செம்மண் எடுத்து அனுமதியின்றி இயங்கிய சூளைகள் 2021ல் மூடப்பட்டதற்குப் பின்னால், தோண்டப்பட்ட பள்ளங்களும் யானை வழித்தடமும் பற்றிய நீண்ட சட்டப் போராட்டம் இருந்தது.

அடுத்தது நெருப்பு. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் பி.வி.வெங்கட்டராம ரெட்டி, கே.எஸ்.ஜகதீஷ் இருவரும் 2003ல் வெளியிட்ட ஆய்வு இந்தத் துறையில் அடிக்கடி மேற்கோள் காட்டப்படுவது. ஒரு சூளைச் செங்கல்லுக்குள் சுமார் 4.25 மெகாஜூல் ஆற்றல் பொதிந்திருப்பதாக அது கணக்கிட்டது. 6 சதவீதம் சிமென்ட் கலந்து அழுத்தி உருவாக்கும் மண்-சிமென்ட் கல்லுக்கு, அதே அளவு சுவருக்கு, அதில் நான்கில் ஒரு பங்கு ஆற்றல் போதும். சுடாமல் செய்வதால் வரும் லாபம் அது.

சாம்பல் கல்லையும் சுடுவதில்லை. சாம்பல், கல் தூள், சிமென்ட் அல்லது சுண்ணாம்பு-ஜிப்சம் கலந்து, இயந்திரத்தில் அழுத்தி, தண்ணீர் ஊற்றி ஆறவிட்டால் போதும். விசாகப்பட்டினத்தைச் சேர்ந்த பானுமதிதாஸ், காளிதாஸ் இருவரும் சாம்பல், சுண்ணாம்பு, ஜிப்சம் மூன்றையும் சேர்த்து உருவாக்கிய 'ஃபால்-ஜி' முறை 1990களில் இந்தியாவில் இந்தத் தொழிலுக்குப் பாதை போட்டது. சுண்ணாம்பை வைத்துச் செய்யும் சாம்பல் கல்லுக்கு ஐ.எஸ். 12894, சிமென்ட்டை வைத்துச் செய்வதற்கு ஐ.எஸ். 16720 என்று தனித்தனித் தரநிலை இருக்கிறது.

இப்போது பார்க்க வேண்டிய பக்கம். இன்று களங்களில் செய்யப்படும் கல்லில் பசை பெரும்பாலும் சிமென்ட்தான். 8 சதவீதம் என்று வைத்தாலும் மூன்று கிலோ கல்லில் கால் கிலோ சிமென்ட் இருக்கும். சிமென்ட் என்றால் சுண்ணாம்புக்கல். ஒரு டன் தூய சுண்ணாம்புக்கல்லைச் சுட்டால் 440 கிலோ கார்பன் டை ஆக்சைடு கல்லிலிருந்தே வெளியேறும். அடுப்புக்கு எரித்த நிலக்கரி தனிக் கணக்கு. சூரிய மின்சாரத்தில் ஆலையை ஓட்டினாலும் இந்த 440 கிலோ நிற்காது, ஏனென்றால் அது வேதியியல்.

கல்லின் தரமும் இந்தக் கணக்குக்குள் வரும். சாம்பல் கல்லைக் குறைந்தது இரண்டு, மூன்று வாரம் நனைத்து ஆறவிட வேண்டும். அவசரத்துக்கு ஒரு வாரத்தில் லாரி ஏற்றினால் மூலை உடையும், சுவர் விரியும். 10 கல்லில் ஒன்று உடைந்தால், அந்த ஒன்றின் சாம்பலும் சிமென்ட்டும் டீசலும் வீண். 50 ஆண்டு நிற்க வேண்டிய சுவர் 20 ஆண்டில் பூச்சு உதிர்ந்து மறுவேலை கேட்டால், முதலில் மிச்சப்படுத்தியது எல்லாம் போய்விடும்.

சாம்பலின் பாவம் யார் கணக்கில்?

வாழ்க்கைச் சுழற்சிக் கணக்கில் நிபுணர்களே ஒத்துப்போகாத இடம் இதுதான், வாசகர் கவனிக்க வேண்டிய இடமும் இதுதான்.

சாம்பலை 'கழிவு' என்று எடுத்துக்கொண்டால், அது மின் நிலைய வாசலில் பூஜ்ஜிய கார்பனோடு பிறக்கிறது. நிலக்கரியின் பாவம் முழுவதும் மின்சாரத்துக்கே போய்ச் சேரும். அந்தக் கணக்கில் சாம்பல் கல் மிகப் பசுமையாகத் தெரியும். மாறாக, சாம்பலை 'துணை விளைபொருள்' என்று எடுத்துக்கொண்டால், அது விற்கப்படும் பண்டம் என்பதால், புகைபோக்கியின் கார்பனில் ஒரு பங்கை அதன் தலையிலும் வைக்க வேண்டும். விலை விகிதத்தில் பிரித்தால் அந்தப் பங்கு சிறிசு. எடை விகிதத்தில் பிரித்தால், சிமென்ட்டையே மிஞ்சும் அளவுக்குப் போய்விடும்.

ஒரே கல், ஒரே சாம்பல். கணக்குப் போடுபவர் எடுக்கும் ஒரு முடிவில் அது பசுமையாகவும் கறுப்பாகவும் மாறுகிறது. அதனால் ஒரு பொருளின் மேல் 'கிரீன்' ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால் கேட்க வேண்டிய முதல் கேள்வி: எந்தக் கணக்கின்படி?

இந்தப் பக்கத்தின் கருத்து, சாம்பல் கல்லைத் தவிர்க்க வேண்டும் என்பதில்லை. குவிந்து கிடக்கும் சாம்பலைக் கல்லில் கட்டிவைப்பது, அது காற்றில் பறப்பதையும் மழையில் நிலத்தடி நீருக்கு இறங்குவதையும் விட எவ்வளவோ மேல். அதே சமயம், சாம்பலுக்குச் சந்தை இருக்கிறது என்பதையே நிலக்கரி எரிப்பதற்கான நியாயமாக ஆக்கிவிடக் கூடாது. இரண்டையும் ஒரே மூச்சில் சொல்ல முடிய வேண்டும்.

நிலக்கரிக்குப் பிறகு என்ன என்ற கேள்வியும் தூரத்தில் இல்லை. பிரிட்டன் தன் கடைசி நிலக்கரி மின் நிலையத்தை 2024 செப்டம்பர் 30 அன்று மூடியது. இப்போது அங்குள்ள கான்கிரீட் தொழில், வெளிநாட்டுச் சாம்பலையும் பழைய குவியல்களைத் தோண்டி எடுப்பதையும் நம்பத் தொடங்கியிருக்கிறது. மேட்டூரின் முதல் நான்கு அலகுகள் 35 வயதைத் தாண்டிவிட்டன. புதுச் சாம்பல் குறையும் காலத்துக்கு இந்தத் தொழிலை நம்பியிருக்கும் சிறு களங்களும் கூலித் தொழிலாளர்களும் என்ன செய்வார்கள் என்று இப்போதே யோசிக்க வேண்டும். ஏரிகளில் கிடக்கும் பழைய சாம்பல் அதற்கு ஒரு பதில். ஆனால் அதை ஈரத்திலிருந்து எடுத்து, உலர்த்தி, சலித்து, சோதித்துத் தரும் ஏற்பாட்டை யாராவது உருவாக்கித் தர வேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது?

1999 செப்டம்பரிலேயே மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் சாம்பல் பயன்பாட்டை விதியாக்கியது. பிறகு வந்த திருத்தங்களில், உலர் சாம்பலில் குறைந்தது 20 சதவீதத்தைச் செங்கல் செய்யும் சிறு நிறுவனங்களுக்கு இலவசமாகத் தர வேண்டும் என்பதும் சேர்ந்தது. 2021 டிசம்பர் 31 அன்று வந்த அறிவிக்கை பழையதை மாற்றி எழுதியது. மாசு செய்தவரே செலவை ஏற்க வேண்டும் என்பதே அதன் அடிப்படை. உருவாகும் சாம்பல் முழுவதையும் பயன்படுத்த வேண்டும், பழைய குவியலை 10 ஆண்டுகளுக்குள் தீர்க்க வேண்டும், தவறினால் டன்னுக்கு 1,000 ரூபாய் இழப்பீடு. மின் நிலையத்திலிருந்து 300 கிலோமீட்டருக்குள் கட்டுபவர்கள், விலை மாற்றுப் பொருளைவிட அதிகம் இல்லாதபட்சத்தில், சாம்பல் பொருள்களைப் பயன்படுத்த வேண்டும். மேட்டூரை மையமாக வைத்து அந்த வட்டத்தை வரைந்தால் சேலம், கோவை, திருச்சி, பெங்களூரு எல்லாம் உள்ளே வந்துவிடும்.

விதியில் குறை இல்லை. ஆனால் அது எண்ணுவது டன்களை மட்டும். சாம்பல் எங்கோ போய்ச் சேர்ந்தால் 'பயன்பாடு' என்று பதிவாகும். தாழ்வான நிலத்தை நிரப்பக் கொட்டினாலும், கைவிட்ட சுரங்கத்தில் போட்டாலும், 50 ஆண்டு நிற்கும் சுவரானாலும் ஒரே கணக்கு. வாழ்க்கைச் சுழற்சிப் பார்வை கேட்பது வேறு: போன இடத்தில் அது எதைக் குறைத்தது? சிமென்ட்டையா, மேல்மண்ணையா, அல்லது வெறுமனே இடம் மாறியதா?

கணக்கில் வராத இன்னொன்றும் இருக்கிறது: மனிதர்கள். சாம்பல் தூசி வீட்டுக்குள் வருகிறது, துணி காயப்போட முடியவில்லை என்பது அனல் மின் நிலையங்களைச் சுற்றி வாழ்பவர்கள் நாடெங்கும் சொல்லும் குறை. 2024 டிசம்பரில் மேட்டூர் அனல் மின் நிலையத்தில் நிலக்கரித் தொட்டி சரிந்ததில் இரண்டு தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள். எந்தக் கார்பன் அட்டவணையிலும் இதற்கு ஒரு கட்டம் கிடையாது. செங்கல் களத்தில் முகக்கவசம் இல்லாமல் சாம்பல் கொட்டுபவரின் நுரையீரலுக்கும் கட்டம் கிடையாது.

சுவரை விடப் பெரிய விஷயம்

வீடு கட்டுபவர்கள் செங்கல்லைப் பற்றித்தான் அதிகம் விவாதிப்பார்கள். காரணம், கண்ணுக்குத் தெரிவது அதுதான். ஆனால் பில்லர், பீம், மேல்தளம் என்று கட்டும் வீட்டில் உள்பொதிந்த கார்பனின் பெரும்பங்கு சிமென்ட்டிலும் கம்பியிலும் ஒளிந்திருக்கிறது. சாம்பலால் மிகப் பெரிய லாபம் கிடைப்பதும் அங்கேதான்.

கடையில் பி.பி.சி. என்று விற்கும் சிமென்ட்டில் 15 முதல் 35 சதவீதம் வரை சாம்பல் இருக்கலாம் என்கிறது தரநிலை. பி.எஸ்.சி. என்ற கசடு சிமென்ட்டில் 25 முதல் 70 சதவீதம் வரை உலைக் கசடு இருக்கலாம். அந்த அளவுக்குச் சுண்ணாம்புக்கல்லைச் சுட வேண்டியதில்லை. "பி.பி.சி. கலப்படம், ஓ.பி.சி. 53தான் ஒரிஜினல்" என்று பல சைட்டுகளில் இன்னும் சொல்வார்கள். தப்பான பேச்சு. கலப்பு சிமென்ட் முதல் சில நாள்களில் மெதுவாக இறுகும், அதனால் கூடுதல் நாள் தண்ணீர் கேட்கும். நாளாக ஆக வலுவாகும்.

தளத்தின் தடிமனையும் கேள்வி கேட்கலாம். கான்கிரீட் தளத்தின் அடிப்பகுதியில் பெரிய வேலை இல்லாத இடங்களில் பழைய ஓடுகளை வைத்து நிரப்பும் முறையைக் கேரளத்தில் லாரி பேக்கர் பரவலாக்கினார். சிமென்ட் குறையும், தளத்தின் எடை குறையும், வெயிலும் கொஞ்சம் தடுக்கப்படும். ரெட்டி-ஜகதீஷ் ஆய்வின் முடிவும் இதை ஒட்டியதுதான்: சுவரே எடை தாங்கும் வீடுகளில், மாற்றுப் பொருள்களைச் சரியாகத் தேர்ந்தால் மொத்த உள்பொதிந்த ஆற்றலைப் பாதியாகக் குறைக்கலாம்.

அப்புறம் வெயில். மேட்டூர், சேலம், நாமக்கல் சமவெளியில் ஏப்ரல், மே மாதங்களில் மொட்டை மாடி தோசைக்கல் மாதிரி ஆகும். மேல்தளத்தில் வெயிலைத் தடுக்கும் ஓடு பதிக்காமல், மேற்குச் சுவருக்கு நிழல் தராமல், சுவரில் மட்டும் பசுமைக் கல் போட்டால் அந்த வீடு 30 ஆண்டு ஏசியை ஓட்டும். அந்த ஏசிக்கு மின்சாரம் எங்கிருந்து வரும்? ஒரு பகுதி, மேட்டூர் மாதிரி நிலையங்களிலிருந்து. இன்னும் 70 கல்லுக்கான சாம்பல் அங்கே விழும்.

இடிக்கும் நாளையும் யோசித்தால்?

நம் தாத்தா காலத்து வீடுகளை இடிக்கும்போது செங்கல், உத்திரம், கதவு, ஜன்னல், ஓடு எல்லாம் விலை போகும். பழைய சாமான் கடைக்காரர் வந்து மொத்தமாகப் பேசி எடுத்துக்கொள்வார். காரணம் சுண்ணாம்பு. சுண்ணாம்புச் சாந்து கல்லைவிட மென்மையானது. தட்டினால் சாந்து உதிரும், கல் முழுசாகக் கைக்கு வரும். சிமென்ட் சாந்து கல்லைவிடக் கெட்டி. அதில் கட்டிய சுவரை இடித்தால் கல் உடையும், ஆனால் சாந்து விடாது. பிறகு அது ஏரிக்கரையில் கொட்டும் குப்பை.

அதனால் இன்று கட்டும் வீட்டுக்கு மறுபிறவி இருக்குமா என்பது, கல்லை விட அதை ஒட்டும் சாந்தில் இருக்கிறது. மாடி இல்லாத சுவர், காம்பவுண்ட் சுவர், தடுப்புச் சுவர் போன்ற இடங்களில் சிமென்ட் விகிதத்தைக் குறைத்து சுண்ணாம்பு சேர்த்த சாந்து போதும். எங்கே போதும் என்பதைப் பொறியாளர்தான் சொல்ல வேண்டும், ஆனால் கேட்டால்தான் சொல்வார். அலுமினியமும் கம்பியும் திரும்ப உருக்கப்படும்; டைல்ஸும் பி.ஓ.பி.யும் அப்படி இல்லை.

கட்டட இடிபாடுகளுக்கு 2016 முதலே தனி விதிகள் உண்டு. 2025ல் அறிவிக்கப்பட்டு 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வரும்படி வகுக்கப்பட்ட புதிய விதிகள், 20,000 சதுர மீட்டரும் அதற்கு மேலும் கட்டுபவர்களை இடிபாட்டுக்குப் பொறுப்பாக்குகின்றன. நல்ல தொடக்கம். ஆனால் மேச்சேரியிலும் ஓமலூரிலும் எழும்பும் 1,000 சதுர அடி வீடுகள் அந்த வலைக்குள் வராது. கொட்டப்படும் இடிபாட்டில் அவற்றின் பங்கும் உண்டு.

என்ன செய்யலாம்?

வீடு கட்டும் ஒருவர் கடையிலும் சைட்டிலும் கேட்கக்கூடிய கேள்விகள் இவை:

- இந்தக் கல் எந்தக் களத்தில் செய்தது, எத்தனை கிலோமீட்டர் தூரம்? எடை அதிகமான, விலை குறைந்த பொருளுக்குப் பயணமே பெரிய செலவு.
- எத்தனை நாள் நனைத்து ஆறவிட்டது? ஆய்வக அறிக்கை இருக்கிறதா? ஒரு கல்லை நிறுத்து, 24 மணி நேரம் தண்ணீரில் போட்டு, திரும்ப நிறுத்துப் பார்க்கலாம். எடை 20 சதவீதத்துக்கு மேல் ஏறினால் அந்த லோடு வேண்டாம்.
- சிமென்ட் மூட்டையில் பி.பி.சி.யா, பி.எஸ்.சி.யா, ஓ.பி.சி.யா?
- அலுமினியம், கம்பி இரண்டிலும் மறுசுழற்சிப் பங்கு எவ்வளவு?
- இடிக்கும் நாளில் இதில் எது திரும்பக் கிடைக்கும்?
- இவ்வளவு பெரிய வீடு வேண்டுமா? கட்டாத சதுர அடிக்குக் கார்பன் கிடையாது, இ.எம்.ஐ.யும் கிடையாது.

தனி மனிதர் கேள்வி கேட்டால் மட்டும் போதாது. இந்த மாநிலத்தில் மிகப் பெரிய கட்டுநர் அரசுதான். பள்ளி, மருத்துவமனை, குடியிருப்பு என்று பொதுப்பணித் துறையும் வாரியங்களும் விடும் டெண்டர்களில் இன்று விலையும் வலிமையும் கேட்கப்படுகின்றன. அதோடு ஒரு வரி கூடுதலாகச் சேரட்டும்: பொருளின் பிறப்பு முதல் இடிப்பு வரையிலான கார்பன் கணக்கு. தரவு இல்லை என்று சொல்லித் தப்ப முடியாது. இந்தியக் கட்டுமானப் பொருள்களுக்கான உள்பொதிந்த ஆற்றல் தரவுத் தொகுப்பு ஒன்றை உலக வங்கிக் குழுமத்தின் ஐ.எஃப்.சி. 2017லேயே வெளியிட்டுவிட்டது.

இரண்டாவது கோரிக்கை மேட்டூருக்கானது. எவ்வளவு சாம்பல் உருவானது, எவ்வளவு சிமென்ட்டுக்கு, எவ்வளவு கல்லுக்கு, எவ்வளவு பள்ளத்துக்கு, ஏரியில் பழையது எவ்வளவு மிச்சம் என்ற விவரம் மாதந்தோறும் தமிழில், ஊர் மக்கள் படிக்கும் இடத்தில் ஒட்டப்பட வேண்டும். அணையின் நீர்மட்டத்தைத் தினமும் அறிந்துகொள்ளும் மாநிலம் இது. காலையில் டீக்கடையில் "மேட்டூர்ல எத்தனை அடி?" என்று கேட்கிறார்கள். அதே ஊரின் சாம்பல் மட்டத்தையும் அப்படிக் கேட்கும் நிலை வர வேண்டும்.

பண்ணவாடியில் நீர் வற்றும்போது தெரியும் அந்தக் கோபுரம் சிமென்ட் பரவலாவதற்கு முந்தைய காலத்துக் கட்டடம். அதைக் கட்டியவர்கள் கார்பன் கணக்குப் பார்த்தவர்கள் இல்லை. அருகில் கிடைத்ததை வைத்து, நீண்ட நாள் நிற்கும்படி கட்டினார்கள். மேட்டூரைச் சுற்றி இன்று எழும்பும் சாம்பல் நிறச் சுவர்களையும் அதே இரண்டு அளவுகோலில் வைத்துப் பார்க்கலாம்: எவ்வளவு தூரத்திலிருந்து வந்தது, எவ்வளவு காலம் நிற்கும்? இதற்கு நேரான பதில் தரும் கல்லைப் பசுமைக் கல் என்று தாராளமாகச் சொல்லலாம்.